ஃப்ரிட்ஜில் ஒட்டிய சீட்டு

அத்தியாயம் 11

கம்ப்யூட்டர் திரையில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடின. பிறகு இருட்டு.

கீர்த்தி மேஜை மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். மணி காலை ஏழுதான். அதற்குள் இது மூன்றாவது முறை.

இருட்டிப்போன திரைக்குள் இருந்தது, இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத ஒரு பதினாலு மாடிக் குடியிருப்பு. கட்டி முடித்தால் எப்படி இருக்கும், காலை வெயில் ஹாலில் எந்தப் பக்கம் விழும், பால்கனியில் வைத்த செடி காற்றில் எப்படி ஆடும் என்று உள்ளே நடந்துபோய்ப் பார்ப்பதுபோல் படம் செய்து கொடுப்பது அவள் வேலை. நிறுவனம் இருப்பது பெங்களூரில். அவள் இருப்பது திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில், புகுந்த வீட்டு மாடியில், ஜன்னலோர மேஜையில். கல்யாணமாகி ஒன்றரை வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

இனியும் ஓடுமா என்பது இன்று மாலை ஆறு மணிக்குத் தெரிந்துவிடும்.

போன வெள்ளிக்கிழமை அவளுடைய மேலதிகாரி ஜெயஸ்ரீ போனில் மூச்சுவிடாமல் சொன்னதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த வெள்ளி ஆறு மணிக்குள் இந்தப் படம் வந்தால், கீர்த்தி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று எழுத்திலேயே வாங்கித் தருவாள். வராவிட்டால் பெங்களூருக்கு வந்துவிட வேண்டியதுதான். அங்கே நல்ல மெஷின்கள் இருக்கின்றன. பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் இருக்கிறது.

அன்றைக்கே கணவனிடம் சொன்னாள். வெற்றி சொன்ன பதில் இது.

"கவலப்படாத. புதன்கெழம கன்ஃபார்ம் நியூஸ் வருது."

அவள் கேட்டது கார்டு. அவனிடமிருந்து வந்தது நியூஸ்.

கிராபிக்ஸ் கார்டு. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு பொருள். படம் வரைகிற வேலை முழுவதையும் கம்ப்யூட்டருக்குள் அதுதான் தலைமேல் போட்டுக்கொள்ளும். இருப்பது பழசு, செத்துக்கொண்டிருந்தது. எந்தக் கார்டு வேண்டும், ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று ஜூன் மாதமே தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் அவள் எழுதிக் கொடுத்தாயிற்று. 'இது மட்டும்' என்று அடியில் இரண்டு கோடுகூடப் போட்டிருந்தாள். வெற்றி அதை வாங்கி, மிகுந்த மரியாதையோடு, மீன் வடிவக் காந்தத்தை வைத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

இப்போது அக்டோபர்.

"கீர்த்தி, இத்த கேளேன்" என்றான் வெற்றி, தரையில் உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டே. தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனிலிருந்து 'சிலிக்கான் சித்தப்பு'வின் குரல் வந்துகொண்டிருந்தது. இனி வரப்போகும் கார்டுகளைப் பற்றி வாரத்துக்கு நாலு வீடியோ போடுகிற மனிதர். "தைவான்ல ஒருத்தன் அட்டப்பொட்டிய போட்டோ புட்ச்சிக்கீறான். உள்ள புது கார்டாம்."

"அட்டைப் பெட்டியையா?"

"பொட்டியோட ஓரத்த. ஓரந்தான் தெரியுது. ஆனா அத்த வெச்சே சைஸு சொல்லிட்டாங்க. கரண்ட்டு பாதிதான் இழுக்குமாம், ஸ்பீடு டபுளாம். அது வந்துச்சுன்னு வையி, இப்ப கடையில கீறது அத்தினியும் அடிமாட்டு வெலைக்கு வந்துரும்."

"எப்ப வரும்?"

"மூணாவது வாரம்."

"எந்த மாசத்து மூணாவது வாரம்?"

வெற்றி இட்லியைப் பிட்டான். "அத்த இன்னும் சொல்லல."

"ஜூன்ல கேட்டேன், ஆடித் தள்ளுபடின்னே. ஆடியில கேட்டேன், பிள்ளையார் சதுர்த்தின்னே. அப்புறம் ஆயுத பூஜை. இப்ப ஓரம்."

"ஓரம் வந்துச்சுன்னா பின்னாடியே முழுசும் வராமயா பூடும்?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வந்த சிரிப்பின் மேல் அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இவனுடன் சண்டை போடுவதில் இதுதான் தொந்தரவு. பாதியில் சிரிக்க வைத்துவிடுவான். மீதிப் பாதியைத் தனியாக உட்கார்ந்து போட வேண்டியிருக்கும்.

அவன் கஞ்சனில்லை. கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டி வந்த போனஸை இதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறான். கையில் பணம் இருந்தும் வாங்காமல் நிற்பது அவன் குடும்பத்து வழக்கம்.

அவன் அம்மா கோவிந்தம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தேரடி மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். விடியும்முன் கூறு போட்டு ஏலம் கூவும்போது, முதல் குரலுக்கே கை நீட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக நிற்பாள். வெயில் ஏறும். ஐஸ் கரையும். ஏலக்காரனுக்குத் தொண்டை கட்டும். ஆயிரத்துக்குக் கூவிய சங்கரா மீன் அறுநூறுக்கு இறங்கும்போது, "சர்தான் போடு" என்பாள். பத்து வயதிலிருந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை, கம்ப்யூட்டர் கடை வாசலிலும் அப்படியே ஓரமாக நின்றுவிட்டான். "மொத கொரலுக்கு வாங்காத நைனா" என்று ஜூன் மாதம் கோவிந்தம்மாவும் சொன்னாள்.

வெற்றி எழுந்து கை கழுவினான். ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டான்.

"சாயந்தரம் வந்து பேசறேன். டென்சன் ஆவாத."

"சாயந்திரம் பேச ஒண்ணும் இருக்காது, வெற்றி."

அதைக் கேட்காமலே படியிறங்கிவிட்டான்.

கால் மணி நேரத்தில் கோவிந்தம்மா அன்னக்கூடையோடு மேலே வந்தாள். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு டம்ளர் டீ குடிக்க ஏறுவது வழக்கம். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"இன்னா கண்ணு, பொட்டி மறுபடியும் பூட்ச்சா?"

"போச்சு அத்தை."

"இன்னிக்குத்தான கடேசி நாளுன்ன?"

"ஆமா."

கோவிந்தம்மா டீயை ஆற்றினாள். குடிக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன், தப்பா நென்ச்சுக்காத. அந்த கார்டு விக்காம கடையிலயே கெடந்தா அழுவிப் பூடுமா?"

கீர்த்தி நிமிர்ந்து பார்த்தாள். "அழுகாது அத்தை. வருஷக்கணக்கா அப்படியேதான் இருக்கும்."

"ஐஸு கீஸு வெக்கணுமா?"

"வேணாம்."

"நாத்தம் வராது?"

"வராது."

மாமியார் கூடையின் விளிம்பைத் தடவினாள். "அப்ப அவன் இன்னாத்துக்கு வெல கொறைக்கப் போறான்" என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

நாலு மாதமாகத் தான் தொண்டை வறளச் சொன்னதை இப்போது இன்னொருவர் கண்டுபிடித்ததாகக் கேட்க கீர்த்திக்குத் தெம்பில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். வெளியே வந்தபோது வீட்டில் யாருமில்லை. டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

*

யார்டில் வண்டி ஓட்டும்போது போன் வைத்திருக்கக்கூடாது. கன்டெய்னரைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் அந்த ராட்சத வண்டியில் ஏறுமுன், போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் வெற்றிக்கு உலகச் செய்தி பத்தரை மணி டீ நேரத்தில்தான் வந்து சேரும்.

இன்று சித்தப்பு கருப்புச் சட்டை போட்டிருந்தார்.

"மக்களே, மன்னிக்கணும். புது கார்டு இந்த வருஷம் கிடையாது. அடுத்த வருஷமும் சந்தேகம்தான்னு நம்ம சோர்ஸ் சொல்லுது. மெமரி சிப்பு தட்டுப்பாடு. இப்ப கடையில இருக்கற கார்டும் வாரா வாரம் விலை ஏறுது. வாங்கணும்னு நெனச்சவங்க போன மாசமே வாங்கியிருக்கணும்."

அடுத்த வண்டி ஓட்டுகிற யேசுதாஸ் வடையைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தான். "இன்னா மாமு, மூஞ்சி கருவாடு கணக்கா ஆயிடுச்சு?"

"போன மாசமே வாங்கியிருக்கணும்ன்றான்டா."

"போன மாசம் அவன் இன்னா சொன்னான்?"

"வெய்ட் பண்ணச் சொன்னான்."

"அவன் வெய்ட் பண்ணானா?"

வெற்றி போனைக் கண்ணருகே கொண்டுபோனான். சித்தப்புவின் முதுகுக்குப் பின்னால், கண்ணாடிப் பெட்டிக்குள், ஃப்ரிட்ஜ் சீட்டில் எழுதியிருந்த அதே கார்டு நீல வெளிச்சத்தோடு சுழன்றுகொண்டிருந்தது.

"நல்லா வெச்சி செஞ்சிட்டான் மாமு உன்ன" என்றான் யேசுதாஸ், உண்மையான வருத்தத்தோடு. "சரி, தங்கச்சிக்கு ஒரு போன் போட்டு விசயத்த சொல்லு."

"இன்னான்னு சொல்றது? சொல்லவே போறதில்ல. கார்டோட போய் நிக்கறேன்."

சூப்பர்வைசரிடம் அரைநாள் பர்மிஷன் கேட்டான். வரிசையில் நிற்கும் டிரெய்லர்களை முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் போகச் சொன்னார். வெற்றி போனை லாக்கரில் வைத்துப் பூட்டினான்.

ஐந்து நிமிடத்தில் அது அடிக்கத் தொடங்கியது.

*

அடித்தது கீர்த்தி.

அதற்குச் சற்றுமுன் ஜெயஸ்ரீ கூப்பிட்டிருந்தாள். "உண்மையச் சொல்லு கீர்த்தி. முடியுமா, முடியாதா? பதினோரு மணிக்குள்ள முடியாதுன்னு சொன்னா, நான் இங்க நாலு பேரை உட்கார வெச்சு எப்படியாவது எடுத்துடுவேன். நீ திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கோ. முடியும்னு சொல்லிட்டு ஆறு மணிக்குக் கைய விரிச்சேன்னா, எனக்கே இங்க வேலை இருக்காது."

"பத்து நிமிஷத்துல சொல்றேன் மேடம்."

டீ நேரம் முடிந்திருக்காது என்ற நம்பிக்கையில் வெற்றிக்கு மூன்று முறை அடித்தாள். மூன்று முறையும் அடித்து ஓய்ந்தது. அவனிடம் ஒரே ஒரு கேள்விதான். இன்றைக்கு வாங்குவாயா, மாட்டாயா?

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள்.

கதவில் மீன் காந்தம் மட்டும் இருந்தது. சீட்டைக் காணவில்லை.

கீழே குனிந்து பார்த்தாள். ஃப்ரிட்ஜுக்கு அடியில் பார்த்தாள். குப்பைக்கூடையைக்கூடக் கிளறினாள். காலையில் வெற்றி இதே கதவைத் திறந்து பாட்டில் எடுத்தது நினைவுக்கு வந்தது. போகிற போக்கில் கிழித்துப் போட்டிருக்கிறான்.

அந்தச் சீட்டு இருந்தவரை அவளுக்குக் கோபம்தான் இருந்தது. இன்னும் வாங்கவில்லையே என்ற கோபம். இப்போது அந்த 'இன்னும்' போய்விட்டது. வெறும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது.

மேஜைக்கு வந்து போனில் தட்டினாள். 'முடியாது மேடம். திங்கட்கிழமை வந்து சேர்கிறேன்.' ஒரு முறை படித்துப் பார்த்தாள். அனுப்பினாள். மணி பத்து ஐம்பத்தெட்டு.

*

ரிச்சி தெருவில் அந்தக் கடை முதல் மாடியில் இருந்தது. வெற்றி ஒரே மூச்சில் படியேறி, கார்டின் பெயரைச் சொன்னான்.

கடைக்காரர் அன்பரசன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "குரல் தெரிஞ்ச மாதிரி இருக்கே. வாரா வாரம் வெள்ளிக்கிழமை போன் பண்ணி, 'விலை இறங்கிச்சா'ன்னு கேக்கற பார்ட்டிதானே?"

"ஆமாங்க. இன்னிக்கு வாங்கிக்கறேன்."

"இன்னிக்குப் பாத்து வரீங்களே. ஒண்ணே ஒண்ணு இருந்துது, காலையில போயிடுச்சு. இந்தத் தெருவுலயே வேற இல்ல. நான் நாலு கடை கேட்டாச்சு."

வெற்றி கவுன்டரைப் பிடித்துக்கொண்டான். "யார்ங்க வாங்கனது?"

"அதான் எனக்கும் ஆச்சரியம். கடை திறக்க வரேன், படியில ஒரு அம்மா குந்தியிருக்காங்க. மேல ஏறி வந்ததும் ஒரு சீட்ட நீட்டினாங்க. விலையச் சொன்னேன். இந்தத் தெருவுல விலை கேட்டதும் பாதியாக் கேக்காத ஆளை நான் பாத்ததில்ல. அந்த அம்மா கண்ண மூடிக்கினு, 'சர்தான் போடு'ன்னாங்க. மஞ்சப் பையில இருந்து எடுத்து வெச்சுட்டு, பெட்டிய இடுப்புல வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்க." அன்பரசன் மேஜையைத் துழாவினார். "சீட்டு இங்கதான் இருக்கு. ஒரே மீன் வாசனை."

காலண்டர் தாள். பின்பக்கம் கீர்த்தியின் கையெழுத்து. 'இது மட்டும்.' அடியில் இரண்டு கோடு.

வெற்றி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அம்மாவுக்கு அடித்தான். சுருக்குப் பைக்குள் போனை வைத்து முடிந்துவிடுகிறவள், வழக்கம்போல எடுக்கவில்லை. கீர்த்தியின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று தவறிய அழைப்புகள் இருந்தன. பெட்டி வந்த சந்தோஷத்தில் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்தான். அழைப்பு வந்த நேரத்தை அவன் பார்க்கவில்லை.

*

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டரை. புது கார்டின் விசிறிகள் மெல்ல இரைந்துகொண்டிருந்தன. கோவிந்தம்மா கம்ப்யூட்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அதன் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடையை மார்க்கெட்டில் பக்கத்துக் கடை ரமாபாயிடம் விட்டுவிட்டு மெட்ரோவில் போனவள், இன்னும் அதைத் திரும்ப எடுக்கவே போகவில்லை.

திரையில் பதினாலு மாடி. பால்கனிச் செடி ஆடியது. கீழே, படம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு எண்பது சதவீதத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நாற்பத்தொன்றில் இருந்தது.

"எம்மா, வெல பேசாமயே வாங்கினியாமே."

"ஆமா."

"நீயா?"

"அழுவாத சரக்குக்கு இன்னாடா வெய்ட்டிங்கு? நீ டிப்ளமா படிச்சவன்தான, நாலு மாசத்துல ஒரு நாளாச்சும் இத்த ரோசிச்சியா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "முப்பது வருசத்துல மொத கொரலுக்கு நான் கை நீட்னதேயில்ல."

வெற்றி மனைவியைப் பார்த்தான். அவள் திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, அதே மீன் காந்தத்தை வைத்து, அதே இடத்தில் ஒட்டினான். ஞாபகத்துக்கு.

"அதை எடுத்துடு" என்றாள் கீர்த்தி, திரையைப் பார்த்தபடியே.

"இன்னாத்துக்கு? இதாலதான..."

"எடுத்துடுன்னு சொன்னேன் வெற்றி."

எடுத்தான். அதற்கு மேல் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பெட்டி வந்தவுடனே அவள் ஜெயஸ்ரீக்கு அடித்துப் பார்த்திருந்தாள். மீட்டிங். 'கார்டு வந்துவிட்டது, முடித்துவிடுவேன்' என்று செய்தி போட்டாள். பதில் இல்லை. ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. மாமியார் இடுப்பில் சுமந்து வந்த பெட்டியைப் பிரித்துவிட்டு, எப்படிச் சும்மா உட்காருவது?

ஐந்து நாற்பதுக்குப் படம் முழுதாக வந்தது. ஒரு கோடு இல்லை, ஓர் இருட்டு இல்லை. அனுப்பிவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். காலையில் அனுப்பிய செய்தியைப் பற்றி அப்போதுதான் இருவருக்கும் சொன்னாள். சீட்டைக் காணாமல் நின்றதையும் சொன்னாள்.

கோவிந்தம்மாவின் கை வாய்க்குப் போனது. "அந்தச் சீட்ட நான் எட்த்துனு போனதாலயா கண்ணு?"

"இல்ல அத்தை. நாலு மாசமா அது அங்கயே இருந்ததால."

வெற்றி சுவரில் சாய்ந்தான். அந்த நேரம் பார்த்து அவள் போன் இரண்டு முறை ஒலித்தது.

முதலாவது ஜெயஸ்ரீ. 'வாடிக்கையாளருக்கு உன் படம்தான் போனது. இங்கே செய்தது பக்கத்தில் நிற்கவில்லை. ஆனால் உன் காலைச் செய்தியை அப்போதே மேலே அனுப்பிவிட்டேன். அவர்கள் உன்னை நேரில் வரச் சொல்கிறார்கள். வா, பேசிப் பார்ப்போம்.'

இரண்டாவது ரயில் டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை. சென்னை சென்ட்ரல், பெங்களூரு. பெயர், வயது, இருக்கை எண்.

வெற்றி இரண்டையும் வாங்கிப் படித்தான். "சரி, வுடு. ஞாயித்துக்கெழமதான? நடுவுல ஒரு நாள் ஃபுல்லா கீது. அதுக்குள்ள எதுனா நியூஸ் வரும். கொஞ்சம் வெய்ட்..."

சொல்லிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். அவன் காதிலேயே அது விழுந்துவிட்டது.

கீர்த்தி அவனைத் திட்டவில்லை. அவள் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"டிக்கெட்டு எத்தினி பேருக்குமா?" என்றாள் கோவிந்தம்மா.

"ஒருத்தருக்கு அத்தை."

கோவிந்தம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ரமாபாயிடமிருந்து கூடையை வாங்க வேண்டும். படியருகே போய்த் திரும்பினாள்.

"நைனா, போன எடு. அதே ரயில்ல இன்னொண்ணு போடு."

"எம்மா, என் வேல?"

"அங்கயும் பொட்டி தூக்கற எடம் இருக்கும். போய்க் கேட்டாத்தான தெரியும். இல்லாங்காட்டி அவகூடப் போய் அந்த மேடமாண்ட நீயே பேசு, எல்லாம் என் தப்புன்னு சொல்லு. எதுனா ஒண்ணு செய்யி. எடம் கீறப்பயே செய்யி."

அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது.

வெற்றி தன் போனை எடுத்தான். ரயிலைத் தேடினான். ஞாயிற்றுக்கிழமை, அதே வண்டி. இரண்டு இடங்கள் பாக்கி இருந்தன. அவன் கட்டைவிரல் திரைக்கு மேலே வந்து நின்றது. கீர்த்தி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிங் என்றது போன். திரையின் உச்சியிலிருந்து ஒரு பட்டை இறங்கி வந்தது.

'சிலிக்கான் சித்தப்பு: புது கார்டு தேதி உறுதி? இப்போது நேரலையில்.'

இரண்டு இடங்கள் என்றிருந்தது, ஒன்று என்று மாறியது.